கரி படியும் இடம்

கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் பழைய லேண்ட் ரோவர் ஊர்திகளை இன்றும் காணலாம். போ தேயிலைத் தோட்டம் 1929-இல் உருவானது. லேண்ட் ரோவர் இங்கிலாந்தில் 1948-இல்தான் பிறந்தது. பின்னால் வந்ததாயினும், சேற்றுப் பாதைக்கும் செங்குத்து ஏற்றத்திற்கும் அஞ்சாத குணத்தால் அது மலையை உடும்பெனப் பற்றிக்கொண்டது.

அத்தகைய ஊர்தியைத் தோட்டத்தில் நெடுங்காலம் ஓட்டி ஓய்வுபெற்ற முதியவர் ஒருவருக்குப் பட்டறை என்பது வீட்டு வாசலே. ஏற்றத்தில் இயந்திரம் 'டக் டக்' என்று தட்டினாலோ, சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னும் சிறிது நேரம் ஓடினாலோ, எரியறையில் கரி சேர்ந்துவிட்டது என்று அறிந்துகொள்வார். உடனே ஹெட்டைக் கழற்றுவார். பிஸ்டன் அலுமினியம் ஆதலால், இரும்பால் கீறாமல் வயிரம் பாய்ந்த மரச்சீவலால் கரியைச் சுரண்டுவார். வால்வைப் பசையிட்டுத் தேய்த்தபின் ஹெட்டின் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுவார். வால்வின் ஓரம் நனையாதிருந்தால் வேலை செம்மை. கசிந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். எவ்வளவு எளிய தேர்வு! ஏமாற்ற இயலாத தேர்வும் அதுவே.

பேரனின் மகிழுந்தோ வேறு வகை. குளிர்ந்த காலையில் அது குலுங்கியது; ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை. குடும்பத்திற்கு இருப்பதோ அந்த ஒரே ஊர்தி. ஹெட்டைத் தூக்கச் சொன்னார் முதியவர். எண்ணெய்த் தொட்டியில் ஊற்றும் மருந்தை நம்பினான் பேரன். இரண்டுமே குறி தவறியவை.

பழைய இயந்திரத்தில் கார்புரேட்டர் வழியே வரும் பெட்ரோல், உள்ளிழுப்பு வால்வின் முதுகை நனைத்துக்கொண்டே உள்ளே புகும். அந்நனைவே அதனை ஓரளவு கழுவிவிடும். நேரடியாக எரியறைக்குள் பெட்ரோல் பீய்ச்சும் புதிய இயந்திரத்தில் அவ்வழியே காற்று மட்டுமே செல்லும். இயந்திரத்தின் அடிவயிற்றிலிருந்து திருப்பிவிடப்படும் எண்ணெய் ஆவி, கழுவுவார் இன்றி அங்கே படிந்து கரியாக இறுகுகிறது. தொட்டியில் ஊற்றிய மருந்து அந்த வால்வை எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. பட்டறைகளில் வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சி இதனை நீக்குவர். வீட்டில் செய்வோர், இயந்திரம் ஆறியபின் மின்கலத் தொடர்பைத் துண்டித்து, காற்றுக் குழாய்த் தொகுதியை மட்டும் கழற்றினால் போதும். ஹெட்டைத் தொட வேண்டியதில்லை.

ஆனால், கழுவும் வால்வு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் கரித்துண்டு உருளைக்குள் விழும், சுவரையே கீறிவிடும். ஆகவே ஒவ்வோர் உருளைக்கும் கிராங்கைத் திருகுசாவியால் திருப்பி, கைவிளக்கால் பார்த்து, கரைப்பானை ஊற்றி, ஊறவைத்து, தூரிகையால் தேய்த்து, அழுக்கை உறிஞ்சி எடுத்தான் பேரன். அருகில் அடுப்போ புகையோ கூடாதென்று முதியவர் காவலிருந்தார்.

மூன்று உருளைகள் முடிந்தன. நான்காவதில் ஊற்றிய கரைப்பான் நின்ற மட்டத்தில் நிற்காமல் மெல்லத் தாழ்ந்தது. பேரன் அதைக் கவனிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்த கண்கள் கவனித்தன.

"நிறுத்தப்பா, வால்வு மூடவில்லை."

தீப்பொறிச் செருகியைக் கழற்றி, மெல்லிய குழாயால் உள்ளிறங்கியதை உறிஞ்சி எடுத்து, கிராங்கை இன்னும் சற்றே திருப்பிய பின்னரே பேரன் மீண்டும் ஊற்றினான். இம்முறை மட்டம் அசையவில்லை.