எட்ட நிற்பதும் ஒரு வேலை

பறவை பார்க்கப் போகிற எவருக்கும் இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று மனம் துடிக்கும். மிச்சிகன் ஏரிக்கரையில் பைப்பிங் ப்ளோவரைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களான நாங்கள் முதலில் அடக்கிக்கொள்வது அந்தத் துடிப்பைத்தான்.

நம்மூர் ஏரியோரங்களில் ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும் பட்டாணி உப்புக்கொத்தியின் உறவுதான் இது. எடை சுமார் 50 கிராம். உடல் காய்ந்த மணலின் நிறம். திறந்த மணலில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். முட்டையும் மணல் நிறமே, தெரியாமல் மிதித்துவிடலாம்.

வட அமெரிக்காவின் பேரேரிகளின் கரைகளில் வாழும் இப்பறவைக் கூட்டம் 1986இல் அழியும் ஆபத்திலுள்ளதாகப் பட்டியலிடப்பட்டபோது எஞ்சியிருந்தவை சுமார் 17 இணைகள். 1990இல் அதுவும் 12 ஆனது. இப்போது 80ஐத் தாண்டிவிட்டது, இலக்கு 150. இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் எளிது: கோடையில் மனிதர்கள் விரும்பும் அதே அகன்ற மணற்கரையைத்தான், அதே மாதங்களில், இந்தப் பறவையும் விரும்புகிறது.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதைப் பறவையே சொல்லிவிடும். அடைகாக்கும் பறவை தலையை உயர்த்தினால் அது நம்மைக் கவனித்துவிட்டது. எழுந்து ஓடினால் அதிகமாகவே நெருங்கிவிட்டோம். இறக்கை முறிந்ததுபோல மணலில் இழுத்து இழுத்து நடித்தால், முட்டையோ குஞ்சோ நம் காலடியருகே இருக்கிறது. வந்த வழியே திரும்ப வேண்டும். ரசித்துப் படமெடுக்கும் நேரமல்ல அது.

தொலைநோக்கியில் முதலில் தேடுவது கால்களை. அடையாளத்துக்காக மாட்டிய வளையங்களில் ஆரஞ்சு நிறக் கொடி இருந்தால் பேரேரிகளின் பறவை. மற்ற வளையங்களின் நிறத்தையும், அவை எந்தக் காலில், மூட்டுக்கு மேலா கீழா என்பதையும் சேர்த்து வாசித்தால் இன்ன பறவை என்று தெரிந்துவிடும். ஒரு நிறம் தெளிவாகத் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். ஊகத்தால் நிரப்பிய குறிப்பைவிட வெற்றிடம் மேல்.

கூட்டின் மேல் கம்பிவலைக் கூண்டு வைப்பதுண்டு. அதன் இடைவெளியில் ப்ளோவர் நுழையும்; நரி, காகம், கடற்காகம் நுழைய முடியாது. ஏறத்தாழ 28 நாட்கள் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். யாரும் வந்து உட்காராத நேரத்தை மணிக்கணக்குடன் குறிப்பது எங்கள் பொறுப்பு. ஒரு பெற்றோர் வல்லூறிடம் சிக்கியிருக்கலாம். நாங்கள் முட்டையைத் தொடமாட்டோம். உயிரியலாளருக்குத் தகவல் சொல்வோம். கைவிடப்பட்டது உறுதியானால் முட்டைகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெல்ஸ்டன் உயிரியல் நிலையத்துக்குப் போகும். அங்கே பொரித்த குஞ்சுகள் பறக்கப் பழகியபின் கரையில் விடப்படுகின்றன.

பொரித்த சில மணி நேரத்திலேயே குஞ்சு தானாக இரை தேடத் தொடங்கும். பெற்றோர் ஊட்டுவதில்லை, கதகதப்பும் எச்சரிக்கையும் மட்டும் தருவார்கள். நாய்க்குப் பயந்து பதுங்கிக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குப் பட்டினி. பறக்க மூன்று, நான்கு வாரமாகும். தாய் முன்னதாகவே தெற்கே கிளம்பிவிட, பெரும்பாலும் தந்தையே கடைசிவரை துணை.

ஆகவே எங்கள் நேரத்தில் பாதி மனிதர்களோடுதான் கழிகிறது. கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம் சட்டம் பேசுவதில்லை. தொலைநோக்கியைக் காட்டி, "ஒருமுறை பாருங்கள்" என்போம். அதன்பின் வாதம் அநேகமாகத் தேவைப்படாது. 2019இல் சிகாகோவின் மான்ட்ரோஸ் கரையில் ஓர் இணை கூடுகட்டியபோது, அங்கே நடக்கவிருந்த இசை விழாவே ரத்தானது. மான்ட்டி, ரோஸ் என்று அவற்றை ஊரே பெயர் சொல்லி அழைத்தது.

எந்த ஏரிக்கரைக்குப் போனாலும் நாயைக் கயிற்றில் பிடியுங்கள். மிச்ச உணவை மணலில் போடாதீர்கள்; அது காகத்தையும் கடற்காகத்தையும் அழைக்கும். குழந்தைகள் தோண்டிய குழியை மூடிவிட்டுக் கிளம்புங்கள். பறக்கத் தெரியாத குஞ்சு அதில் விழுந்தால் ஏறி வராது. கயிறு கட்டியிருந்தால் சுற்றிப் போங்கள்.