பராமரிப்பு நாளும் அரை வாட்டும்

அவிநாசியில் பவர் என்றால் ஹெச்.பி. கணக்குத்தான். போர் மோட்டார் ஏழரையா பத்தா, தறிக்குடோனுக்கு எத்தனை ஹெச்.பி. சர்வீஸ் என்றுதான் டீக்கடையிலும் பேச்சு ஓடும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். இந்த ஊரில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தும் ஒருவர், பட்டறைக்கு மேலே உள்ள சின்ன அறையில் உட்கார்ந்து அரை வாட்டில் ரேடியோ அலை அனுப்புகிறார். முறைப்படி தேர்வு எழுதி உரிமம் வாங்கிய ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர் அவர். பெயரும் அழைப்புக்குறியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எப்போது வரலாம் என்று போனில் கேட்டபோது வந்த பதில் எனக்குப் புதிது. "மெயின்டனன்ஸுன்னு கரண்ட் நிறுத்துற அன்னிக்கு வாங்கோ. அன்னிக்குத்தானுங்க காது நல்லாக் கேக்கும்."

காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் நின்றது. அக்கம்பக்கத்துத் தறிச் சத்தமும் நின்றது. அவர் காத்திருந்தது அந்தச் சத்தம் அடங்குவதற்காக அல்ல. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்று நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தை வெட்டி வெட்டித் தரும் கருவிகள் எல்லாமே ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன. நெருக்கமாக வீடும் குடோனும் இருக்கும் இடத்தில், தூரத்திலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞை அதில் மூழ்கிப்போகும். பேட்டரியில் ஓடும் ரிசீவரை அவர் எனக்கு ஒன்பது மணிக்கு முன்பே போட்டுக் காட்டியிருந்தார். சோவென்று ஒரே இரைச்சல். ஒன்பது மணிக்குப் பிறகு அதே ஹெட்போனில் மோர்ஸ் ஒலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிந்து வந்தன. கரண்ட் போனதற்காக மகிழும் ஒரு மனிதரைக் கொங்கு நாட்டில் அன்றுதான் பார்த்தேன்.

கீழே பட்டறையில் வேலை நிற்கவில்லை. ஸ்டேட்டர் காடிகளுக்குள் காகிதம் செருகுவதும் கம்பி இறக்குவதும் கைவேலை, கரண்ட் தேவையில்லை. தண்ணீருக்குள் ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, மேலே நிற்கும் மோனோபிளாக்குக்கு எனாமல் பூசிய செம்புக்கம்பி. அந்த எனாமல் கம்பியின் மிச்சம்தான் மாடிக்குப் போகிறது. அதைச் சுற்றித் தருபவர் பட்டறையில் பல ஆண்டுகளாகக் காயில் கட்டும் ஓர் அம்மா.

நான் கேட்டுக்கொண்டதும் ஒரு காயிலைச் சுற்றிக் காட்டினார். அரை அங்குல விட்டத்தில் சிவப்பு வண்ணம் பூசிய இரும்புத்தூள் வளையம். கம்பியை அதன் துளைக்குள் விட்டு இழுத்தால் ஒரு சுற்று. வெளியே எத்தனை வளைவு தெரிகிறது என்பது கணக்கில்லை, துளைக்குள் எத்தனை முறை போனது என்பதே கணக்கு. ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் படியவைத்துவிட்டுத்தான் அடுத்ததை விட்டார். ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, எனாமல் உராயக்கூடாது. 16 சுற்று முடிந்ததும் இரு முனைகளையும் பிளேடால் சுரண்டி, செம்பு மின்னியதும் ஈயம் ஏற்றினார். ஏறக்குறைய 1.25 மைக்ரோஹென்றி. சுற்றுகளைச் சற்று நெருக்கினால் மதிப்பு ஏறும், பரப்பினால் இறங்கும். அந்த நுட்பமும் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

"மோட்டார்ல சுத்து கொறஞ்சா சூடாயிப் பொகையுமுங்க, கண்ணுக்குத் தெரிஞ்சுரும்" என்றார். "இதுல தப்பானா அண்ணன் மேல போயி மீட்டர்ல பாத்துட்டு வந்துதான் சொல்லோணும்."

இந்தக் காயில்கள் டிரான்ஸ்மிட்டரின் வாசலில் வடிகட்டியாக நிற்கின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது கூடவே 14-லும் 21-லும் கிளம்பும் வேண்டாத அலைகளை அவை அடக்குகின்றன. சக்தி எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்தவர் அலைவரிசையில் கால் வைக்கக்கூடாது என்பதில் பட்டறைக்காரர் கறாராக இருக்கிறார். அரை வாட்டுக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்கும் பையன்களிடமும் அவர் இதைத்தான் சொல்கிறார். ஹாம் அலைவரிசையில் ஒரு மில்லிவாட் அனுப்பவும் உரிமம் வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் மொத்தமும் ஒரு தகர டப்பாவுக்குள் அடக்கம். 7.030 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, டிரான்சிஸ்டர் இரண்டு. உலகெங்கும் குறைந்த சக்திக்காரர்கள் கூடும் இடங்களில் அந்த அலைவரிசையும் ஒன்று. 1976-ல் அமெரிக்காவில் டக் டிமா என்பவர், மீன் அடைத்து வந்த டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் கட்டிய டிரான்ஸ்மிட்டரின் வாரிசுதான் இது. மோர்ஸில் 5 வாட் வரை அனுப்புவதையே குறைந்த சக்தி என்கிறார்கள். இவர் பத்தில் ஒரு பங்கில் நிற்கிறார்.

ஏரியலைப் பார்த்தபோதுதான் இந்தக் கலையின் கனம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. ஏறக்குறைய 66 அடிக் கம்பி, நடுவில் வெட்டிக் கேபிள் இணைத்தது. ஒரு முனை தென்னையில், மறுமுனை தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தில். உயரம் குறைவு என்பதால் சக்தியின் பெரும்பகுதி செங்குத்தாக மேலே போகும். அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி, சில நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். வாட்டைக் கூட்டுவதற்குப் பணம் போதும். இந்தக் கம்பியை அங்குலம் அங்குலமாகக் கத்தரித்துச் சரிக்கட்டப் பொறுமை வேண்டும். ஹாம் உலகத்தில் பெரிய ஆம்பிளிஃபயருக்குக் கிடைக்கும் மரியாதை இந்தப் பொறுமைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

பத்து மணிவாக்கில் அவர் கீயில் கை வைத்தார். டா-டி-டா-டி, டா-டா-டி-டா. யாராவது இருக்கிறீர்களா என்ற பொது அழைப்பு அது. சில அழைப்புகளுக்குப் பிறகு பெங்களூரிலிருந்து பதில் வந்தது. 559 என்று அறிக்கை: எழுத்து தெளிவாகப் புரிகிறது, பலம் நடுத்தரம், ஒலி சுத்தம். நம்மவர் தன் சக்தி 500 மில்லிவாட் என்று தட்டினார். அதுவரை 100 வாட்டில் இருந்த பெங்களூர்க்காரர் தானும் 5 வாட்டுக்கு இறங்கினார். இருபதில் ஒரு பங்கு! ரிசீவரின் மீட்டரில் முள் இறங்கியதோ இரண்டு படிதான், ஓர் எழுத்தும் விடுபடவில்லை. மீட்டரில் ஒரு படி என்பது நான்கு மடங்கு சக்தி என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். முள்ளோடு சேர்த்துக் காதால் கேட்டது அப்போதுதான். மோர்ஸ் இதற்கு ஒத்துழைக்கிறது. பேச்சுக்கு 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும் என்றால் மோர்ஸுக்கு ஓரிரு நூறு ஹெர்ட்ஸ் போதும். இருக்கிற கொஞ்ச சக்தியும் ஒரே இடத்தில் குவிகிறது.

இரவில் வேறொரு சோதனை. 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008-ல் வெளியிட்ட 'விஸ்பர்' என்ற முறை. அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், சக்தி ஆகிய மூன்றை மட்டும் ஏறக்குறைய 110 விநாடி நீட்டி அனுப்பும். காதுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும் நிலையிலும் கணினி அதைப் பிரித்தெடுத்துவிடும். அவிநாசி இருக்கும் கட்டம் எம்.கே.81. இவருடைய 200 மில்லிவாட்டை ஆஸ்திரேலியாவில் பதிவு செய்திருந்த பட்டியலைக் காட்டினார். நான் வியந்தது உண்மை. ஆனாலும் அவர் கையால் தட்டி பெங்களூரைப் பிடித்தபோது எழுந்த மகிழ்ச்சி அதில் எனக்கு இல்லை.

நம் நாட்டில் இந்தக் கைவேலைக்கு வழி திறந்தவர் ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான். 2003-ல் அவர் வெளியிட்ட 'பிட்எக்ஸ்' வடிவமைப்பு, ஆறு வாட் அளவில் பேசவும் கேட்கவும் உதவும் பெட்டியை யாரும் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வகை செய்தது. வெளிநாட்டு வளையங்கள் எளிதில் கிடைக்காத ஊர்களை மனத்தில் வைத்து, குழாய்க்குப் போடும் வாஷரிலேயே காயில் சுற்றச் சொன்னார். பின்னால் 2016-ல் அதன் 7 மெகாஹெர்ட்ஸ் பலகை விற்பனைக்கு வந்தபோது, அவற்றின் காயில்களை ஹைதராபாத்தில் பெண்கள் கையால் சுற்றினார்கள். அதைப் பட்டறை அம்மாவிடம் சொன்னபோது, "அவீக எத்தன கேஜுங்க போட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் லேசில் விடமாட்டேன். 1941-லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்த ஜி.டி. நாயுடுவின் கோவை, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். கம்பி சுற்றத் தெரிந்த கைகள் இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஹாம் உரிமத் தேர்வுக்கு 12 வயது நிரம்பினால் போதும். நம் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் ஒரு தென்னை மரத்தையும் 66 அடிக் கம்பியையும் ஒதுக்கினால் பாதி வேலை முடிந்தது.

பட்டறையில் வேலை பழகும் பையன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் வேண்டும். அவன் இப்போது ஐந்தில் இருக்கிறான். அடுத்த பராமரிப்பு நாளுக்குள் 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெட்டி கட்டிவிட வேண்டும் என்று மூவரும் பேசிக்கொண்டார்கள். "அப்ப சுத்து கொறையுமுங்களாண்ணா?" என்றார் அம்மா. பட்டறைக்காரர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, பதினொன்று போதும் என்றார்.