ஒரு ரூபாய் பேப்பர்

டிவி வைத்திருப்பவர் பேப்பரையும் வாங்கினால் என்ன தப்பு? எங்கள் காமர்ஸ் பாடத்தில் அதற்கு 'வியாபார விரிவாக்கம்' என்று பெயர் :)

1977-ல் கே.பி.கந்தசாமி ஆரம்பித்த தினகரனை 2005-ல் சன் குழுமம் வாங்கியது. விலையை ஒரு ரூபாயாக்கினார்கள். காகிதச் செலவுக்கே அது தேறாது. ஆனால் விளம்பரம் செய்ய சொந்த டிவி இருந்தது, நஷ்டத்தைத் தாங்கவும் அதே டிவி. விற்பனை எகிறியது. பேப்பரை மட்டுமே நம்பிப் பிழைப்பவர் இதோடு எப்படிப் போட்டி போடுவார்? வாசகனுக்கு லாபம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அப்போது சென்னையின் பெரிய கேபிள் நிறுவனமான எஸ்.சி.வி.யும் அவர்களுடையதே. முதலாளி கலாநிதி மாறனின் தம்பி தயாநிதி மாறன் மத்திய தகவல் தொடர்புத் துறை அமைச்சர். கேபிள்காரர் மேல் புகார் என்றால் அந்தப் பேப்பரில் யார் எழுதுவார்கள்?

2007 மே 9 அன்று, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று தினகரன் கருத்துக்கணிப்பு வெளியிட்டது. கருணாநிதி மாறன் சகோதரர்களுக்குத் தாத்தா முறை. அன்றைக்கே ஒரு கும்பல் மதுரை அலுவலகத்தைத் தாக்கித் தீ வைத்தது. ஊழியர்கள் 3 பேர் இறந்தார்கள். சம்பளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள், அவர்களுக்கும் வாரிசுச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? 2008 டிசம்பரில் குடும்பம் சமாதானமாகிவிட்டது.

டிவியும் பேப்பரும் ஒரே கையில் குவியாமல் இருக்க வரம்பு வேண்டும் என்று 2014-ல் டிராய் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.