கல்லிடையே ஓர் ஓமவல்லி

நம் விடுதியின் பின்புறத்தில் ஒரு சிறு பாறைத் தோட்டம் இருக்கிறது. அதைக் கண்டு, "இதென்ன கற்குவியல்?" என்று சிலர் நகைப்பது என் செவிக்கும் எட்டியதுண்டு. அதன் கதையைச் சொல்கிறேன்.

ஆங்கிலத் தோட்டக்கலை நூல் ஒன்றில் 'சாக்சிஃப்ரேஜ்' என்னும் செடியின் படத்தைக் கண்டேன். பாறை இடுக்கில் படரும் சிறுசெடி அது. அதில் ஒரு வகைக்குப் பச்சை இலையில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்திருக்கும். 'கல்லை உடைப்பது' என்பது அப்பெயரின் இலத்தீன் பொருள். பெயரிலேயே மயங்கிவிட்டேன்! உதகைக்குச் சென்ற நண்பர் ஒரு கன்று வாங்கி வந்தார். சித்திரை பிறந்தது. திருப்பதி வெயில் 40 பாகையைத் தாண்டியது. பத்தே நாளில் கன்று கருகிற்று. குளிர்நாட்டுச் செடியை அனலில் நட்டது என் பேதைமையன்றோ?

அவ்விடுமுறையில் சித்தூருக்குச் சென்றேன். ஆயா வீட்டுக் கிணற்றடியில், துவைக்கும் கல்லின் ஓரமாக, விளிம்பு வெளுத்த ஓமவல்லி படர்ந்திருந்தது. கற்பூரவள்ளி என்பதும் அதுவே. எனக்குச் சளி பிடித்த நாளெல்லாம் ஆயா அதன் இலையைத்தான் வாட்டிச் சாறு பிழிவார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார். இரண்டு கிளைகளை ஒடித்து ஈரத்துணியில் சுற்றினார்.

"கல்லு மேலே வச்சாலும் பிழைக்கும், கண்ணு. தண்ணியை மட்டும் கொட்டிக்கிட்டே இருக்காதே" என்றார்.

இச்செடிக்கு இந்தியில் 'பத்தர்ச்சூர்' என்று பெயர். கல்லைப் பொடியாக்குவது என்பது பொருள். இது துளசிக் குடும்பம், சாக்சிஃப்ரேஜுக்கு உறவன்று. ஆயினும் நான் தேடிய பெயர் எங்கள் கிணற்றடியிலேயே இருந்திருக்கிறது!

சேஷாசலக் காட்டுக் கல் எதையும் தொடவில்லை. கட்டட வேலையில் மீந்த கருங்கற்களை அடுக்கினேன். இடுக்குகளில் செம்மண்ணும் மணலும் சரளையும் கலந்து நிரப்பினேன். பெரிய கல்லின் கிழக்குப் பக்கத்தில் கிளைகளை நட்டேன். காலை வெயில் படும். பிற்பகல் வெயில் படாது. வெண்விளிம்பு எளிதில் தீய்ந்துவிடும் ஆதலால் இவ்வேற்பாடு. ஆனால் ஆர்வக் கோளாறால் நாள்தோறும் நீர் ஊற்றினேன். ஒரு கிளை அழுகிற்று. ஆயாவின் சொல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மற்றொன்று பிழைத்தது.

கார்த்திகையில் ஆயா மறைந்தார். வீடு கைமாறியது, கிணறு தூர்க்கப்பட்டது, செடியும் போயிற்று. எஞ்சியது விடுதியில் இருந்த அந்த ஒரு கிளைதான்.

தை மாதத்தில் அதில் முழுப்பச்சைத் தளிர்கள் எழுந்தன. செழித்துவிட்டதென்று மகிழ்ந்தேன். தாவரவியல் ஆசிரியரோ தலையசைத்தார். "வெண்பகுதியில் பச்சையம் இல்லை, அதனால் உணவு ஆக்க முடியாது. பச்சைப் பகுதிதான் அதற்கும் சேர்த்து உழைக்கிறது. முழுப்பச்சைக் கிளை விரைந்து வளரும். விட்டுவைத்தால் விளிம்புள்ள கிளையை மூடிவிடும். அடியோடு கிள்ளிவிடு" என்றார்.

கத்தரியுடன் நெடுநேரம் நின்றேன். ஆயா தந்த செடியில் நலமான கிளையையா வெட்டுவது? "வாமாகு நன்றாகத்தானே வளர்கிறது?" என்று தோட்டக்காரர் தெலுங்கில் கேட்டார். வாமு என்றால் ஓமம். ஆகு என்றால் இலை. நம் ஓமவல்லிக்கு அவர் மொழியிலும் அதே மணம்! வலிமையானதை வளரவிட்டால், ஆயா வீட்டு வெண்விளிம்பு என் கண்முன்னே மறையும் என்று அவருக்கு விளக்கினேன். சொல்லும்போதே என் ஐயமும் தீர்ந்தது. வெட்டினேன். வெட்டிய தழை வீணாகவில்லை. அன்று மாலை விடுதியில் பஜ்ஜியாயிற்று. உண்டவர்களுள் நகைத்தவர்களும் இருந்தார்கள்!

இப்போது பதினான்கு கிளைகள் கல்லிடையே படர்ந்திருக்கின்றன. தோழர்களே, ஆளுக்கொரு கிளை ஒடித்துத் தருகிறேன். உங்கள் ஊரில் நடுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு கிணற்றோடு அழியும். பல இடங்களில் இருந்தால் வாழும். தண்ணீரை மட்டும் கொட்டிக்கொண்டே இராதீர்கள்.