கப்பல் காத்திருக்காது: எட்டு மணி நேரத்தில் பினாங்கு

"அந்த மணிக்கூண்டு இன்னும் இருக்குமா?"

கப்பலில் அறை பதிவு செய்த நாளிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வி இதுதான். பிள்ளைகளுக்குக் கப்பலில் உள்ள நீச்சல் குளம்; என் கணவருக்கு இரண்டு நாள் கைத்தொலைபேசி அடிக்காத நிம்மதி; அம்மாவுக்கு மணிக்கூண்டு.

அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். 1962-இல், எட்டு வயதில், பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ரஜூலாவில் வந்தார். தாத்தாவுக்கு அப்போது பினாங்குத் துறைமுகத்தில் வேலை. இரண்டு வருடத்தில் கோலாலம்பூருக்கு மாறி, பிறகு சாலாக் செலாத்தானிலேயே நிலைத்துவிட்டார்கள். பினாங்கிற்கு அதற்குப் பிறகு பலமுறை போயிருக்கிறோம். ஆனால் எப்போதும் தைப்பூசக் கூட்டத்தில், அல்லது கல்யாண வீட்டு அவசரத்தில். கப்பலில் போய் இறங்கியதில்லை. "கடல் பக்கமிருந்து பார்த்தாத்தான் எனக்கு அடையாளம் தெரியும்" என்பார் அம்மா.

பள்ளி விடுமுறையில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒரு கப்பலில் ஐந்து பேருக்கு இடம் பிடித்தோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கொமூட்டர் ரயிலில் பெலாபுஹான் கிள்ளான் நிலையத்தில் இறங்கினால் கப்பல் எதிரில் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. உல்லாசக் கப்பல் முனையம் இருப்பது பூலாவ் இண்டாவில். முன்பு பூலாவ் லூமுட் என்று அழைக்கப்பட்ட தீவு அது. ரயில் அங்கே போகாது. காரிலோ கிராப்பிலோதான் போக வேண்டும். எங்களைப் போல் பெட்டி, பை, வயதானவர் என்று போகிறவர்கள் வீட்டிலிருந்தே வண்டி எடுத்துவிடுவது நல்லது.

இரண்டு சுவெட்டன்ஹாம்

கிள்ளான் துறைமுகத்தின் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972-இல்தான் பெயர் மாறியது. பினாங்கில் உல்லாசக் கப்பல்கள் நிற்கும் இடத்தின் பெயரோ இன்றைக்கும் சுவெட்டன்ஹாம் துறை. இரண்டுமே ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரைக் கொண்டவை. ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்த கப்பல். 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதற்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பயணமே முடிந்துபோனது. நம் வீடுகளில் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு கப்பலில் ஒன்றின் பெயராவது வரும்.

கப்பலில் ஏறியதும் பினாங்குச் சுற்றுலாவுக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள். பேருந்து, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருந்தது. ஐந்தால் பெருக்கிப் பார்த்த கணவர் தாளை மடித்து வைத்துவிட்டார். பணம் மட்டும் காரணம் இல்லை. அந்தப் பட்டியலில் அம்மா பார்க்க நினைத்த குயின் தெரு மாரியம்மன் கோயில் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது. குறித்த நேரத்தில் படிக்கட்டை எடுத்துவிடுவார்கள். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர வேண்டும். அது வெளிநாடு என்றால் கடப்பிதழும் கையில் இருக்க வேண்டும். மிச்சப்படும் பணத்துக்கு ஈடாக நாம் ஏற்கும் பொறுப்பு இதுதான்.

கப்பலடியில் ஊர்

நாமாக இறங்கிச் சுற்றுவது எல்லாத் துறைமுகத்திலும் எளிதல்ல. கிரேக்கத்தின் சாந்தோரினித் தீவைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடங்கள். அங்கே கப்பல் நடுக்கடலில் நங்கூரமிடும். சிறு படகில் கரைக்கு வந்து, செங்குத்தான பாறைமேல் இருக்கும் ஃபீரா என்ற ஊருக்கு ஏறக்குறைய 600 படிகள் ஏற வேண்டும். இல்லையென்றால் கம்பிவட ஊர்திக்கு வரிசையில் நிற்க வேண்டும். கப்பல்கள் சேர்ந்து வரும் நாளில் அந்த வரிசையே பாதிப் பொழுதைத் தின்றுவிடும்.

பினாங்கில் அந்தக் கவலை இல்லை. கப்பல் நேராகத் துறையிலேயே நிற்கிறது. இறங்கி வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008-இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரப் பகுதி கால்நடைத் தூரத்தில் தொடங்கிவிடுகிறது. 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டையும் பக்கத்திலேயே.

காலை எட்டு மணிக்குக் கப்பல் துறையைத் தொட்டது. மாலை நான்கு மணிக்குள் ஏறிவிட வேண்டும், ஐந்து மணிக்குப் புறப்பாடு. எட்டு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பேருந்துக் குழுக்களை முதலில் இறக்கினார்கள். நாங்கள் வெளியே வந்தபோது மணி ஒன்பது. திரும்ப ஏறும் வரிசைக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் மிஞ்சுவது ஆறரை மணி நேரம்தான்.

வாசலைத் தாண்டிச் சாலைக்கு வந்ததும் அம்மா நின்றுவிட்டார். எதிரே வெள்ளையாக, மேலே சிறு குவிமாடத்துடன் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய 60-ஆம் ஆண்டு நினைவாக, பினாங்குச் செல்வந்தர் சியா சென் இயோக் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். இரண்டாம் உலகப் போரில் அருகே விழுந்த குண்டுகளால் லேசாகச் சாய்ந்திருக்கிறது.

"இதைக் காட்டித்தான் எங்கம்மா சொன்னாங்க, 'இதுக்குக் கீழதான் உங்கப்பா நிப்பாரு'ன்னு." அம்மா அதற்கு மேல் பேசவில்லை. மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கோயில்

பெரும்பாலான கோயில்களில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் எங்கள் முதல் இடம் கோயில்தான். லெபோ பந்தாய் வழியாக லெபோ பாசாரில் திரும்பினால் லிட்டில் இந்தியா. மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம் போதும். பூக்கடை, பாத்திரக்கடை, பாட்டுச் சத்தம் எல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸை நினைவுபடுத்தினாலும், இங்கே தெருக்கள் குறுகல், கட்டடங்கள் பழசு. அம்மாவுக்கு அந்தக் குறுகல்தான் பிடித்திருந்தது.

குயின் தெரு அருள்மிகு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1833-இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். கப்பலில் வந்து இறங்கியவர்களும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், வட்டிக்கடைச் செட்டியார்களும் வணங்கிய அம்மன். வந்த மறுநாள் பாட்டி இங்கேதான் அம்மாவை அழைத்து வந்தாராம். கடலில் ஒரு வாரம் வாந்தியோடு கிடந்தவர், உயிரோடு கரை சேர்ந்ததற்கு விளக்குப் போட வந்தார். அம்மா அதே விளக்கை இப்போது பாட்டியின் பெயரில் ஏற்றினார்.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்துக்குள்ளேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மைதீன் 1801-இல் தொடங்கியது. அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயில், சற்றுத் தள்ளி 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவரின் நினைவாக ஒரு தர்கா. நாகப்பட்டினத்துக்காரரான அம்மா அதன் முன்னால் நின்று, "நம்ம ஊரு ஆளுங்க வரும்போது சாமியையும் கையோட கூட்டிட்டு வந்திருக்காங்க" என்றார்.

பசியாறியது நாசி கண்டார் கடையில். கண்டார் என்றால் மலாயில் தோளில் சுமக்கும் காவடித் தண்டு. தண்டின் இரு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்றது அது. துறைமுகத் தொழிலாளிகளே அன்றைய முக்கிய வாடிக்கையாளர்கள். தாத்தாவும் சாப்பிட்டிருப்பார்.

மலையில் மாட்டிக்கொண்டவர்கள்

பதினொரு மணிக்குத்தான் நாங்கள் அந்தத் தவற்றைச் செய்தோம். பதின்மூன்று வயது மகனுக்குப் பினாங்குக் கொடிமலை ரயில் ஏற வேண்டும். 1920-களில் தொடங்கி, 2011-இல் புதுப்பிக்கப்பட்ட மலை ரயில் அது. அடிவாரம் இருப்பது ஆயர் ஈத்தாமில். துறையிலிருந்து காரில் அரைமணி நேரம். "போய் வர மூணு மணி நேரம் தாராளம். அத்தை, நீங்க மெதுவா சுத்திப் பாருங்க" என்று என் கணவர் மகனுடன் கிராப் ஏறினார்.

நாங்கள் மூவரும் ஆர்மேனியன் தெருவுக்குப் போய், எர்னெஸ்ட் ஸக்காரெவிச் 2012-இல் வரைந்த மிதிவண்டிப் பிள்ளைகள் சுவரோவியத்தின் முன் வரிசையில் நின்று படம் எடுத்தோம். செண்டோல் சாப்பிட்டோம். வெயில் ஏறியதும் இலவச நகரப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தே ஊரைப் பார்த்தோம். வயதானவர்களோடு போகிறவர்கள் இந்தப் பேருந்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கட்டணமே இல்லை.

இரண்டேகால் மணிக்குப் புலனத்தில் செய்தி வந்தது: "மேலே இருக்கோம். இறங்க வரிசை. நகரவே இல்லை."

பள்ளி விடுமுறை. ஏறும்போது இருந்த கூட்டம் இறங்கும்போதும் இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மூன்று மணிக்கு நாங்கள் துறை வாசலுக்கு வந்துவிட்டோம். மூன்று பத்துக்கு அடுத்த செய்தி: "கீழே வந்தாச்சு. கார் தேடறோம்." அதன் பிறகு ஒன்றும் இல்லை. அழைத்தால் எடுக்கவில்லை.

ஏறுவதா, நிற்பதா? நாங்கள் ஏறி அவர்கள் தவறவிட்டால்? வண்டிபிடித்து பட்டர்வொர்த் போய் ரயிலில் கோலாலம்பூர் வந்துவிடலாம், உள்நாடுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மகனின் ஆஸ்துமா மருந்து கப்பல் அறையில் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் கை நடுங்கத் தொடங்கியது.

அம்மா மட்டும் பதறவில்லை. நிழலில் பையைக் கீழே வைத்து உட்கார்ந்து மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கும் இப்படித்தான். எல்லாரையும் ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாங்க மட்டும் நிக்கறோம். எங்கம்மா அழுவுறாங்க. எங்கப்பாவுக்கு வேலையில விடல. சாயங்காலமாத்தான் ஓடி வந்தாரு. வருவாங்க, உட்காரு."

இத்தனை வருடத்தில் அம்மா இதைச் சொன்னதே இல்லை. மணிக்கூண்டைப் பற்றிக் கேட்டதெல்லாம் எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஒரு கார் வந்து நின்றது. வழியில் நெரிசல், கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. கணவர் முகத்தைப் பார்த்ததும் நான் சேர்த்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை. மகன்தான் நேராகப் பாட்டியிடம் போய், "சாரி பாட்டி" என்றான்.

நாங்கள் கற்றுக்கொண்டவை

தூரமான இடத்தை முதலில் முடியுங்கள். கப்பலுக்கு அருகில் உள்ளதைக் கடைசியில் வையுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். விடுமுறை நாளில் கொடிமலையை விட்டுவிடுங்கள். அது எங்கும் போகாது, கோலாலம்பூரிலிருந்து இன்னொரு முறை வரலாம்.

ஏற வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறையில் இருங்கள். கப்பல் அறை அட்டை, மைகார்டு, அன்றைய மருந்து, சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்கட்டும். பிரிந்து போனால் இரண்டு பேரிடமும். கப்பல் பூக்கெட்டுக்குப் போகிறது என்றால் கடிகாரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைத்தொலைபேசி தானாகவே அந்த நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் கப்பலில் வந்த பெரியவர் யாராவது இருந்தால் அவரை அழைத்துப் போங்கள். முன்பு ஒரு வாரக் கடல், இப்போது ஓர் இரவு. ஐந்து மணிக்குக் கப்பல் நகர்ந்தபோது நாங்கள் மேல்தளத்தில் நின்றோம். மணிக்கூண்டு சிறிதாகிக்கொண்டே போனது. அம்மா பேரனிடம், எந்தப் பக்கம் தாத்தா ஓடி வந்தார் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.