பத்துத் தொகுதி

ஊரடங்கு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது லிங்க்குகள்தான். 2020 ஏப்ரலில் கோவை வெறிச்சோடிக் கிடக்க, வாட்ஸ்அப்பில் மட்டும் சந்தைக் கூட்டம். இலவச வகுப்பு, யூடியூப் உரை, பிடிஎஃப் மூட்டைகள். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் நான் கலைக்களஞ்சியம் புரட்டுவதைப் பார்த்து அம்மா கேட்டார்: “இத்தனையும் எப்பக் கண்ணு படிச்சு முடிப்பே?”

முடிக்கிற புத்தகமா அது? 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதி. வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கிய தி.சு. அவினாசிலிங்கமும், முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரனும் கொங்குக்காரர்கள். ஊர்ப்பெருமைதான், மறைப்பானேன். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்தவர் தூரன்.

வாட்ஸ்அப் கூட்டத்துக்கு வருவோம். அறியும் வழிகளைக் காட்சி, கருதல் (ஊகம்), உரை (பிறர் சொல்) என்று மூன்றில் அடக்குகிறது சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். பரீட்சைக்காகப் படித்தது, அந்த ஏப்ரலில்தான் உறைத்தது. காட்சி ஜன்னலோடு நின்றுபோயிற்று. மிச்சமெல்லாம் உரை: டிவி சொன்ன எண்ணிக்கை, கபசுரக் குடிநீருக்கு ஆளுக்கொரு பக்குவம், ஏதோ ஒரு டாக்டர் பெயரில் சுற்றிய ஆடியோ. சித்தாந்தம் சொல்லும் உரைக்குக் குற்றமற்ற ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். ஃபார்வர்டுக்குச் சொன்னவரே கிடையாது.

மறுபடி தூரன். பாரதி சுதேசமித்திரனில் எழுதியவற்றைப் பழைய இதழ்களில் தேடிப்பிடித்து ‘பாரதி தமிழ்’ என்று தொகுத்தவர் அவர். ஜெராக்ஸ் இல்லாத காலம், பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும் (இது என் கருதல்). கையால் எழுதுகிறவருக்கு விரல் வலிக்கும். வலிக்கிற விரல், இந்த வரி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். டவுன்லோடில் வலி இல்லை, அந்தக் கேள்வியும் இல்லை. களஞ்சியத்திலும் அப்படித்தான்: எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம், எதற்கு இரண்டே வரி, எதற்கு இடமே இல்லை என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகளுக்குப் பின்னால் இருக்கும் படிப்பு ஒரு லிங்க் பட்டியலில் எனக்குத் தென்பட்டதில்லை.

அந்த ஜூனில் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. மிஸ் திரையில் காட்டுவதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தள்ளினாள். நோட்டில் எழுது என்றேன்.

“எதுக்குப்பா? அதான் போன்ல இருக்குதே.”

தூரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிவிட்டாள்.