வண்ண உடை நாள்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். குழந்தைகள் தினத்திற்கு முந்திய வாரம் எங்கள் வகுப்பைப் பார்த்திருந்தால், ஆடையே முக்கால் என்று சொல்லியிருப்பீர்கள்! ஆண்டு முழுவதும் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வரும் எங்களுக்கு நவம்பர் 14 அன்று மட்டுமே வண்ண உடை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் சட்டைக் கழுத்து மாதிரிகளை வரைந்து தள்ளினோம். (கணக்கு ஆசிரியை மன்னிப்பாராக.)

அன்று பட்டுப் பாவாடை, மிடி, சுடிதார் என்று வகுப்பறை பூந்தோட்டமாயிற்று. ஒருத்தி மட்டும் சீருடையில் வந்தாள். "மறந்துவிட்டாயா?" என்று கேட்டுச் சிரித்தோம். "இல்லை" என்றாள். அவ்வளவுதான். அவளுடைய சட்டை நீலம் போட்டுத் துவைத்து இஸ்திரி போடப்பட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

மழை ஓய்ந்த புழுக்கத்தில் மதியத்திற்குள் எங்கள் நாகரிகம் எங்களையே வாட்டியது. பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாமல் முதுகில் ஒட்டிக்கொண்டது. சரிகை கழுத்தை அறுத்தது. சாக்கு ஓட்டத்தில் ஒரு மிடியின் தையல் விட்டுப் போக, ஊசி நூலுடன் வந்தவள் அந்தச் சீருடைக்காரிதான். "உள்ளே துணியே விடாமல் தைத்திருக்கிறார்கள், எப்படித் தாங்கும்?" என்று தன் பாவாடையின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். பழைய மடிப்பின் தடங்கள் மூன்று! ஒவ்வொரு ஜூன் மாதமும் அவள் அம்மா ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவாராம்.

எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் தையல் வகுப்பில், "எதை உடுத்தினால்தான் என்ன, சிஸ்டர்?" என்று பெரிய ஞானிகளைப் போலக் கேட்டோம். சிஸ்டர் ஒப்பவில்லை. அன்னை தெரேசா 1948-இல் லொரேட்டோ சபையின் உடையைக் களைந்து, நீலக்கரையிட்ட விலை குறைந்த வெள்ளைப் பருத்திச் சேலையை உடுத்திக்கொண்டது எதை உடுத்தினால் என்ன என்று எண்ணியா? கல்கத்தா ஏழைகளுள் ஒருவராக நிற்க விரும்பி, ஆராய்ந்து எடுத்த உடை அது. 1979-இல் நோபல் பரிசு பெற ஆஸ்லோ சென்றபோதும் அதே சேலைதான். காந்தியடிகள் 1921-இல் மதுரையில் அரையாடைக்கு மாறியதும் அப்படித்தான் என்றார். உடையைப் பற்றி அவர்கள் எங்களைவிட அதிகமாகவே யோசித்திருக்கிறார்கள்!

அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. அவள் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கணக்கு நோட்டில் வரைந்தீர்களே, அந்தப் படகுக் கழுத்து மாதிரி, அதை எனக்கும் ஒன்று வரைந்து தருவீர்களா?"

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர்